கிழிக்காமல் விட்ட நாள்

"நாய்க்குத் தாகம் எடுத்தா அது யாருகிட்டம்மா கேக்கும்?"

நவீன்குமார் இதைக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. வேலந்தாவளத்து வீட்டுக் களத்தில், சித்திரை வெயிலில், அரைஞாண் கயிறோடு நின்றுகொண்டு கேட்டான். நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த கமலாத்தாளுக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலம் ஒரு பழைய கல்தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வேலியோரம் வைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"அன்னைக்கிருந்து அந்தத் தொட்டி காஞ்சதே இல்லை கண்ணு" என்றாள் கமலாத்தாள். "பையன் இப்பத் திருப்பூர்ல கம்பெனிக்குப் போறான். கேட்டது அவனுக்கே ஞாபகம் இருக்காது. எனக்குத்தான் மறக்க மாட்டேங்குது."

அவளுடைய மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்த யோகப்பிரியா சிரித்தாள். அந்த வீட்டில் பயமில்லாமல் சிரிக்க அவளுக்குக் கிடைத்த கடைசி நேரம் அன்றைய காலைதான்.

உடும்பஞ்சோலைக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்த வீட்டில் அவள் பெயர் மௌனிகா. வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட கமலாத்தாளைப் பார்த்துக்கொள்ள வந்த ஹோம் நர்ஸ். யோகப்பிரியா என்பதும், கோயம்புத்தூர் வாரப் பத்திரிகை ஒன்றின் நிருபர் என்பதும் அவளுக்கும் அவள் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்த சேதி.

அவள் எழுத வந்தது கமலாத்தாளின் தம்பி பூபதிராஜாவைப் பற்றி. எல்லையோரத்து வயல்பாதைகளில் சாராய ஸ்பிரிட் கடத்தும் லாரிகள் அவன் தலையசைத்தால்தான் நகரும் என்பார்கள். அவனை எதிர்த்த மூன்று பேர் அடுத்தடுத்த மாதங்களில் ஏலக்காட்டில் குதறப்பட்டுக் கிடந்தார்கள். புலி அடித்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. எந்தப் புலி என்று பார்க்கத்தான் யோகப்பிரியா மலையேறினாள்.

போன வாரம் கமலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஒன்றைச் சொன்னாள். தம்பி பதினேழு வயதில் ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருந்தபோது ஓநாய் கடித்ததாம். அதிலிருந்து பௌர்ணமி நிலா ஏறினால் அவன் மனுஷனாக இருப்பதில்லையாம். ஏலக்காய் ஸ்டோருக்குள் அவனை விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவது இத்தனை வருஷமும் அக்காதான். இந்த மாதம் அக்காவுக்குக் கால் இல்லை.

"நீதான் தாழ் போடோணும் கண்ணு. இது தம்பிகூடவே இருக்கற மத்தியாஸுக்குக்கூடத் தெரியாது."

யோகப்பிரியா நம்பவில்லை. ஆனால் பூபதிராஜா நடந்து போனால், தொழிலாளர் லயத்து நாய்கள் குரைக்காமல் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுப்பதை அவளே பார்த்திருக்கிறாள்.

"நாற்காலியக் கொண்டா கண்ணு. விளக்கு ஏத்தியாச்சு, தாளைக் கிழிக்கோணும்."

சாமி படத்துக்குப் பக்கத்தில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அதைக் கிழிக்கிற உரிமை அந்த வீட்டில் கமலாத்தாளுக்கு மட்டும்தான். குளித்து, விளக்கேற்றி, முந்தின நாளின் தாளை மடித்து விளக்குக்கு அடியில் வைத்தால்தான் அவளுக்குப் புது நாள் பிறக்கும். அவள் மாமியார் வீட்டு வழக்கம் அது. வேறு யார் கை பட்டாலும் வீட்டுக்கு ஆகாது என்பாள். போன வாரம் கட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தபோதுகூட, "காலண்டரத் தொடாதே சாமி" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினாள்.

அவள் தாளைக் கிழித்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புதுத் தாளைப் படித்தாள்.

"சதுர்த்தசி. நாளைக்குத்தான் பௌர்ணமி. நாளைக்கு விளக்கு வெக்கறதுக்குள்ள..."

"ஞாபகம் இருக்குதுங்கக்கா."

வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. மத்தியாஸ் நின்றுகொண்டிருந்தான். பூபதிராஜாவுக்கு வலது கையான மலையாளி. ஜீப், ஆட்கள், மலையடிவாரத்து வேலைகள் எல்லாம் அவன் பொறுப்பு. எப்போது வந்தான் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"சேச்சி, நான் பூப்பாறை வரைக்கும் போறேன் கேட்டோ. நாளைக்குத்தான் வருவேன்."

அவன் பார்வை காலண்டரில் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு உதட்டோரம் மெல்ல மேலே போனது.

"என்ன மத்தியாஸ், தாளையே பாக்கற?"

"ஒண்ணுமில்ல சேச்சி. நாள் ஓடுற ஓட்டத்தைப் பார்த்தேன். நம்ம கவனிக்கலைன்னா அதுபாட்டுக்குப் போயிருது."

யோகப்பிரியா சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே அவனும் வந்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டருக்குக் கோயம்புத்தூர்ல எங்க?"

"ராமநாதபுரம்."

"நல்ல இடம். ஆனா சிஸ்டர் வேலை பார்த்த ஆபீஸ் அங்க இல்லையே? நர்ஸுங்களுக்கு அந்த ஆபீஸ்ல என்ன வேலைன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்."

அவள் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான்.

"பயப்பட வேண்டா. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கேன், அவ்வளவுதான். சிஸ்டர் இன்னிக்கு எங்கயும் போக வேண்டா கேட்டோ. சாயங்காலம் ஸ்டோர் பக்கம் போய் உக்காருங்க. காத்து நல்லா இருக்கும்."

ஜீப் சத்தம் இறக்கத்தில் தேய்ந்து மறைந்தது. அந்த வீட்டில் இருந்த ஒரே வண்டி அது. மழையில் செல்போன் டவரும் செத்து நாளாகிவிட்டது. ஒரு வாரமாகக் காய் பறிக்க லயத்திலிருந்து ஆளும் மேலே வரவில்லை. சுற்றிலும் ஏலச்செடியும் மூடுபனியும்தான்.

அவள் அடுப்பங்கரை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளியிடம் சொல்லிவிட்டான். இனிமேல் என்ன நடக்கும்?

*

மத்தியானச் சாப்பாட்டை ஸ்டோருக்குக் கொண்டு போக வேண்டியதும் அவள்தான்.

பச்சை ஏலக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். களத்தைத் தாண்டித் தனியாக நின்றது. கனத்த இரட்டைக் கதவு, கதவுக்கு ஒன்றாக இரண்டு இரும்பு வளையம், வெளிப்பக்கம் ஒரு நீளத் தாழ்ப்பாள். கீழே, காற்றுப் போவதற்காக ஒரு சின்னப் பலகைக் கதவு. மனித வாசனை தம்பி மூக்கில் ஏறாதபடி அந்த ஏலக்காய் நெடி காப்பாற்றும் என்பதற்காகவே, பாலக்காட்டு வேலந்தாவளத்தை விட்டு இந்த மலைக்குத் தம்பியைக் கூட்டி வந்ததாகக் கமலாத்தாள் சொல்லியிருந்தாள்.

பூபதிராஜா அடுப்பில் கடைசி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்க வெச்சிரு அம்மிணி."

வைத்தாள். திரும்பினாள்.

"உம்பட பேரென்ன?"

கால்கள் நின்றுவிட்டன. "மௌனிகா."

"அது ஏஜென்சிக்காரன் வெச்ச பேரு. உங்கம்மா வெச்ச பேரு?"

பொய் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபோது, விசித்திரமாக, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"யோகப்பிரியா."

"இத்தன நல்ல பேர வெச்சுக்கிட்டு எதுக்கு அத மறைச்சே?"

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். நல்ல உயரம். காதோரம் நரை. ஊரே நடுங்கும் அந்த முகத்தில் அப்போது கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"மத்தியாஸ் ஏதோ பெரிய ரகசியம் கண்டுபிடிச்ச மாதர சொல்லீட்டுப் போறான். எனக்கு உனக்குக் காய்ச்சல் வந்தப்பவே தெரியும். சன்னல்ல பாத்தேன், உம்பட தலைமாட்டுல சேப்பு லைட்டு மினுக்கிட்டு ரெக்கார்டர் ஓடிட்டு இருந்துச்சு."

காய்ச்சல்.

வந்த புதிதில் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் அவள் படுத்துக் கிடந்தாள். விடியும் நேரத்தில் கதவில் ஒரே ஒரு தட்டு கேட்கும். நகத்தால் தட்டுவது போல. எழுந்து போய்த் திறந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். வாசல்படியில் ஒரு தூக்குப்போசி நிறையச் சுடச்சுடச் சுக்குக் காப்பி, பக்கத்தில் ஒரு செம்பில் வெந்நீர். காய்ச்சல் விடும்வரை தவறவில்லை. கமலாத்தாள்தான் யாரிடமாவது சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

"அந்தச் சுக்குக் காப்பி..."

அவன் சங்கடத்தோடு கதவு நிலையை நகத்தால் ஒரு முறை தட்டினான். டொக்.

அதே சத்தம்.

"தெரிஞ்சும் ஏன் என்னை விட்டு வெச்சீங்க?"

"காய்ச்சல்காரிய எப்படி மலை எறங்கச் சொல்றது? அப்பறம் காய்ச்சல் விட்டுச்சு." அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "விட்டப்பறம் சொல்ல மனசு வரலை."

அடுப்பில் விறகு வெடித்தது. இந்த மனிதனின் குரலைக் கேட்கத் தன் மனம் தினமும் காத்திருந்ததை அவள் ஒரு நாளும் தன் குறிப்புகளில் எழுதியதில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவள் அதற்காகத்தான் வந்தவள்.

"அந்த மூணு பேரையும் கொன்னது நீங்களா?"

அவன் அடுப்புக் கதவைச் சாத்தினான்.

"லாரி ஓட்டுனது நெசம். ஆளுகள மெரட்டுனதும் நெசம். அதுக்கெல்லாம் ஒரு நாள் கணக்குச் சொல்லித்தான் ஆகோணும், தெரியும். ஆனா கொல்லச் சொல்லி நான் ஒருத்தனையும் அனுப்பலை அம்மிணி. அந்த மூணு நாளும் பௌர்ணமி. நான் இதுக்குள்ளதான் இருந்தேன். காலையில அக்கா வந்து தொறக்கறப்ப வெளிய தாழ் போட்டது போட்டபடி இருந்துச்சு."

"அப்ப நீங்க இல்லை."

"ஆனா..."

"ஆனா?"

"அந்த மூணு நாளும் முழிக்கிறப்ப என்ர வாயில ரத்த ருசி இருந்துச்சு."

யோகப்பிரியா ஓரடி பின்னால் போனாள். அவன் அதைக் கவனித்துவிட்டு, தானும் ஓரடி பின்னால் போனான். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தவன் போல.

"நாளைக்கு விடிஞ்சதும் லயத்து மருதாத்தாகூட நடந்தே கீழ போயிரு. நாளைக்குச் சாயங்காலம் நீ இந்த மலையில இருக்கக் கூடாது."

"தாழ் போடறது யாரு?"

அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் போட்டுட்டுத்தான் போவேன்" என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரலா அது என்று தோன்றியது.

அவன் ஏதோ சொல்ல வந்து, சட்டென்று தலையைச் சாய்த்தான். பள்ளத்தில் எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. யோகப்பிரியாவுக்கு அது கேட்கவே இல்லை.

"லயத்துல மூணாவது ஊட்டுல கொழந்தைக்குச் சளி போல" என்றான். பிறகு முகம் மாறியது. "காது இன்னிக்கே இப்படிக் கேக்குது. நாளைக்குத்தான கேக்கோணும்?"

*

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. யோகப்பிரியா தன் பையில் துணிகளை அடுக்கினாள். ரெக்கார்டரை எடுத்துப் பையின் அடியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

பின்கதவில் குரல் கேட்டது. "ஏனுங் அம்மிணி..."

ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் மருதாத்தாள். வேலந்தாவளத்திலிருந்து கமலாத்தாளோடு வந்தவள். மடியில் ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்திருந்தாள்.

"ஊட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கறமுங்க. கோயிலுக்கு."

இன்னொரு நாளாக இருந்தால் யோகப்பிரியா நின்று பேசியிருப்பாள். அன்று யாரையும் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அப்புறம் வாங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஈரச்சேலையோடு ஏற்றம் ஏறி வந்தவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அரிசிப் பானையைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.

"ஒரு பிடி கேட்டா ரெண்டு கையிலயும் போடறீங்க. சாமி உங்களக் காப்பாத்தட்டும்."

"கோயில்ல என்ன விசேஷம்?"

"அன்னாபிஷேகமுங்க. இப்பவே ஒலை வெச்சாத்தான சாமிக்குச் சாத்த முடியும்? வரனுங்க."

மருதாத்தாள் இறங்கிப் போனாள். யோகப்பிரியா கையைத் தட்டிக்கொண்டு கமலாத்தாளின் அறைக்கு வந்தாள்.

"மருதாத்தாக்கா வந்தாங்க. கோயில் அன்னாபிஷேகத்துக்கு அரிசி போட்டேனுங்க."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நம்ம ஊட்லருந்து நெய்யும் குடுத்தனுப்போணும்."

"நாளைக்கு இல்லீங்கக்கா, இன்னிக்குத்தான். இப்பவே உலை வைக்கப் போறாங்க."

கமலாத்தாள் அவளைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எப்படி? ஐப்பசி பௌர்ணமிக்குத்தான அன்னாபிஷேகம்?"

இருவரும் ஒரே நேரத்தில் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். சதுர்த்தசி என்று அது சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றாள் கமலாத்தாள். குரல் காற்றாக வந்தது. "ஆஸ்பத்திரியில ராத்தங்குனமே. அடுத்த நாள் காலையில இந்தத் தாளை யாரு கிழிச்சா?"

"யாருங்க கிழிப்பாங்க? நீங்கதான் தொடக் கூடாதுன்னு..."

யோகப்பிரியா பாதியில் நிறுத்தினாள்.

திரும்பி வந்த மறுநாள் கமலாத்தாள் வழக்கம்போல ஒரே ஒரு தாளைத்தான் கிழித்தாள். ஒளிந்து ஒளிந்து செல்போனைப் பார்த்த யோகப்பிரியாவுக்கும் அதன் தேதியைச் சுவரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அந்த வீட்டில் ஒரு நாள் கிழிபடாமலே நின்றுவிட்டது. காலையில் மத்தியாஸ் ஏன் சிரித்தான், சாயங்காலம் ஏன் ஸ்டோர் பக்கம் போய் உட்காரச் சொன்னான் என்பதெல்லாம் இப்போது புரிந்தது.

தெரியாது என்று அக்கா நினைத்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"ஓடு சாமி!" என்று அலறினாள் கமலாத்தாள்.

*

மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கிழக்கே மலைவிளிம்பில் மேகம் பால் நிறத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது.

களத்தில் பாதி தூரம் போனதும் அவள் நின்றாள். எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று உடம்பே கேட்டது போலிருந்தது. இடது பக்கம் இறங்கினால் லயம், விளக்கு, ஆட்கள், கோயில். நேரே போனால் அவன்.

நேரே போனாள்.

பூபதிராஜா ஸ்டோர் படியில் முகத்தைக் கைகளால் மூடி உட்கார்ந்திருந்தான். தோள்கள் குலுங்கின. விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"கிட்ட வராதே."

"இன்னிக்குத்தான் பௌர்ணமி! தாள் ஒரு நாள் பின்தங்கிப் போச்சு. உள்ள போங்க!"

"அக்கா நாளைக்குன்னு சொல்லுச்சே..."

ஊரை நடுங்க வைத்தவன், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்ட பள்ளிக்கூடத்துப் பையனைப் போல அதைச் சொன்னான். யோகப்பிரியாவுக்கு அந்தப் பயத்திலும் கண் நிறைந்தது.

"உங்க அக்காதான் என்னை அனுப்புனாங்க. எந்திரிங்க. எனக்காக எந்திரிங்க."

அவன் எழுந்தான். கைகளை எடுத்தபோது அவன் கண்கள் அவன் கண்களாக இல்லை. அடுப்புத் தணல் போல மஞ்சளாக இருந்தன. அவளைப் பார்க்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, தானாகவே இருட்டுக்குள் நடந்து போனான்.

அவள் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் தாழ்ப்பாள் தகட்டோடு பெயர்ந்து கையில் வந்தது.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. தகட்டின் திருகாணிகளுக்குத் தண்டே இல்லை. தலைகள் மட்டும் அறுத்தெடுக்கப்பட்டு, பசை வைத்துப் பொருத்தமாக ஒட்டப்பட்டிருந்தன. அறுத்த இடத்தில் துரு ஏறியிருந்தது. இன்று நேற்று அறுத்ததில்லை. வெளியிலிருந்து யாரோ எடுத்து, மறுபடி ஒட்டி, எடுத்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

போட்டது போட்டபடி இருந்தது என்றானே. வாயில் ரத்த ருசி என்றானே.

உள்ளே ஓர் இருமல் கேட்டது. அடுத்தது இருமலாக இல்லை.

கதவு அதிர்ந்தது. அவள் முதுகைக் கொடுத்து அழுத்தினாள். செருப்பு சேற்றில் வழுக்கியது. இரண்டாவது அதிர்வில் கதவுகளுக்கு நடுவே விரலகலம் இடைவெளி விழுந்தது. அதன் வழியே வந்த மூச்சு அவள் கழுத்தில் பட்டது. ஏலக்காய் நெடியையும் மீறிக் காட்டு வாடை.

"கண்ணு! இந்தா!"

கமலாத்தாள். மாவுக்கட்டுக் காலோடு, கக்கத்தில் இடுக்கிய மரக்கட்டையை ஊன்றி, களத்துச் சேற்றில் ஒற்றைக்காலால் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தாள்.

"தாழ் பேந்து போச்சுங்கக்கா!"

"வளையத்துல இதக் கோத்திரு!"

"இதக் குடுத்துட்டு நீங்க எப்படி நிப்பீங்க?"

"நான் நின்னு என்ன பண்ணப் போறேன்? புடி!"

கட்டையைத் தூக்கி நீட்டினாள். நீட்டியவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். யோகப்பிரியா அதை இரண்டு இரும்பு வளையங்களுக்குள்ளும் செருகி, முழு பலத்தோடு இழுத்துவிட்டாள். அடுத்த மோதல் வந்தது. கட்டை முனகியது. உடையவில்லை. இன்னொன்று. அதற்கும் உடையவில்லை.

"பூபதி" என்று தரையிலிருந்து கமலாத்தாள் கூப்பிட்டாள். "அக்கா இங்கதான் சாமி இருக்கறேன்."

உள்ளே மோதல் நின்றது. நகங்கள் தரையைக் கீறும் சத்தம் தூரமாகப் போனது.

மலைவிளிம்பில் நிலா முழுதாக ஏறிவிட்டது. கீழே கோயில் மணி அடித்தது.

*

கமலாத்தாளை முதுகில் தூக்கிக்கொண்டுதான் யோகப்பிரியா வீட்டுக்கு வந்தாள். சேற்றைத் துடைத்து, வலி மாத்திரை கொடுத்து, போர்த்திவிட்டாள். தம்பியின் பெயரும் முருகன் பெயரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கண்ணை மூடினாள்.

யோகப்பிரியா முந்தானையில் முடிந்திருந்த திருகாணித் தலைகளை எடுத்துப் பார்த்தாள். மூன்று பேரின் சாவும், பூபதிராஜா தன்மேல் போட்டுக்கொண்ட பழியும் அந்தச் சின்ன இரும்புத் துண்டுகளில் இருந்தன. அவற்றை அறுத்த மத்தியாஸ் நாளைக்குத் திரும்பி வருவான். ஸ்டோர் வாசலில் அவள் பிணம் கிடக்கும் என்று எதிர்பார்த்து வருவான். அவன் வருவதற்குள் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஊளை இல்லை. உறுமலும் இல்லை. வறண்ட தொண்டையில் காற்று இழுபடும் சத்தம். நின்று நின்று, ஸ்டோர் பக்கமிருந்து வந்தது.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கதவைச் சாத்துமுன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிடுவேன் என்று கமலாத்தாள் சொல்லியிருந்தாள். இன்று வைக்கவில்லை. வைக்க நேரமிருக்கவில்லை. மத்தியானம் வரை அடுப்பு எரிந்த கட்டடம். சுவரெல்லாம் இன்னும் சூடு.

காலையில் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்தது. தாகம் எடுத்தால் அது யாரிடம் கேட்கும்?

கதவு அடைத்திருந்தது. அவள் பத்திரமாக இருந்தாள். தண்ணீர் கொடுக்கவில்லை என்று அவளை யாரும் கேட்கப் போவதில்லை. கொடுத்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. கடவுள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று நாம் பெரும்பாலும் சந்தேகப்படுவது இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

யோகப்பிரியா ஒரு தட்டையான சட்டி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினாள். நிலா வெளிச்சத்தில் அவள் நிழல் முன்னால் போயிற்று. ஸ்டோர் கதவுக்கு முன் மண்டியிட்டு, கீழே இருந்த பலகைக் கதவைத் தூக்கினாள். உள்ளே இருட்டு. சட்டியை உள்ளே நகர்த்த முழங்கை வரை கையை விட வேண்டியிருந்தது.

விட்டாள்.

மணிக்கட்டில் சூடான மூச்சு பட்டது. ஈரமில்லாத, காய்ந்த மூக்கு ஒன்று அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. வாயில் கந்தர் சஷ்டி கவச வரிகள் பாதியில் அறுந்தன. கையை இழுத்தால் சட்டி கவிழும் என்பது மட்டும் நினைவிருந்தது. இழுக்கவில்லை.

மூக்கு விலகியது.

அவள் மெல்லக் கையை எடுத்துப் பலகையை இறக்கினாள். பிறகு கதவில், நகத்தால், ஒரே ஒரு முறை தட்டினாள்.

உள்ளே நக்கி நக்கித் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. சட்டி காலியாகும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்தபடி அவள் வீட்டுக்கு நடந்தாள்.